கல்மரத்தைக் காணோம்!

குட்டீஸ், 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் பிளஸ் 2 படித்த அண்ணன், அக்காக்கள் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான்.

அந்த லேப்டாப்பில் சாத்தனூர் கல்மரம் பற்றி நீங்கள் கட்டுரை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். '18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுகள் பழையது' என்று ஒரு பக்கம் டைப் அடித்தாயிற்று. திரையில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அது இன்னும் பத்திரமாக இல்லை! 'ராம்' என்ற தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரைதான் ராமுக்கு ஞாபகம். பேட்டரி தீர்ந்தால், டஸ்டரால் துடைத்த கரும்பலகைதான்.

அதனால் ஒவ்வொரு பத்தி முடிந்ததும் 'கன்ட்ரோல்' கீயை அழுத்தியபடி 'எஸ்' கீயைத் தட்டுங்கள். முதல் தடவை பெயர் கேட்கும். 'கல்மரம்' என்று கொடுங்கள். இப்போது கட்டுரை ஹார்டு டிஸ்க்கில் காந்தப் பதிவாக ஏறிவிட்டது. மின்சாரம் போனாலும் அழியாது.

நடுவில் அரியலூர் பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட்டை வரைய ஆசையா? (நத்தை ஓடு போலச் சுருண்டிருக்குமே, அதுதான்!) கட்டுரையை மூட வேண்டாம். படம் வரையும் புரோகிராமையும் திறந்து வைத்துக்கொண்டு, 'ஆல்ட்' கீயை அழுத்தியபடி 'டேப்' கீயைத் தட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். மூலையில் உள்ள பெருக்கல் குறி மட்டும் வேறு ரகம். அது புரோகிராமையே மூடிவிடும். 'சேமிக்கவா?' என்று கேட்கும்போது அவசரத்தில் 'வேண்டாம்' என்றால், போச்சு!

இன்னொரு வேடிக்கை. தொடக்கத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். நேற்று பாஸில் சேமித்துவிட்டு இன்று விண்டோஸில் தேடினால்... கல்மரத்தைக் காணோம்! பயப்படாதீர்கள். டிஸ்க்கில் லினக்ஸுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதை விண்டோஸால் தானாகப் படிக்க முடியாது. மறுபடி ஆரம்பித்து பாஸைத் தேர்ந்தெடுத்தால் கட்டுரை அங்கேயே இருக்கும். பென் டிரைவில் ஒரு நகல் வைத்தால் இரண்டிலும் திறக்கலாம்.

சேமிக்கும் வேலையே இல்லாத லேப்டாப்பும் உண்டு தெரியுமா? 1983-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 'டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100'. டிஸ்க் கிடையாது; டைப் அடிக்க அடிக்க எல்லாம் ராமிலேயே தங்கும். அணைத்தாலும் உள்ளே ஒரு குட்டி பேட்டரி அதைக் காப்பாற்றும். வேறு புரோகிராமுக்குப் போக 'எஃப் 8' கீ. திரையில் மொத்தம் எட்டே வரிகள்!