விதை ஏமாற்றினால்... தெரியாத கடன் வந்தால்... யாரிடம் போவது?

‘‘கடையில் வாங்கிய விதைநெல் பாதிகூட முளைக்கவில்லை. கேட்டால், ‘உங்க மண்ணுல கோளாறு’ என்கிறார்கள். விவசாயி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா?’’

- வாசகர், சிதம்பரம் வட்டம்.

தாராளமாகப் போகலாம். ‘விவசாயி வியாபாரத்துக்காக விதை வாங்குகிறார், அவர் நுகர்வோர் அல்ல’ என்று தேசிய விதைக் கழகம் ஒரு வழக்கில் வாதாடியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ம் ஆண்டு தீர்ப்பு சொன்னது. ‘பரிசோதனைக்கு விதை எங்கே?’ என்று கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். வாங்கிய விதையை விவசாயி முழுவதுமாக விதைத்துவிடுவார்; சோதனைக்கென எடுத்து வைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

ஆனால், கையில் ஆதாரம் வேண்டும். பில், குவியல் எண் உள்ள அட்டை, காலிப் பை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். வயலை உழுது மறுவிதைப்பு செய்வதற்கு முன்பே, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் மனு கொடுத்து, வயலைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொல்லுங்கள். பயிரை அழித்துவிட்டால் வழக்கில் பாதி பலம் போய்விடும்.

எங்கே, எப்போது?

கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். கம்பெனி ஹைதராபாத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. வழக்குக்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசிப் பார்க்கலாம்.

வாங்காத கடன்

பெண்ணாடம் பகுதிக் கரும்பு விவசாயிகளுக்கு இது தெரிந்த வலி. தங்கள் பெயரில் தனியார் ஆலை நிர்வாகம் வங்கிக்கடன் வாங்கிவிட்டதாகப் புகார் சொல்லி, பல ஆண்டுகள் போராடினார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். அதை வாங்கிப் பாருங்கள். வாங்காத கடன் இருந்தால் வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க: 14448. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பிரச்னை என்றால், கூட்டுறவுத்துறை இணைப்பதிவாளரிடம் போகவேண்டும்.

செல்போன் மோசடி

‘பி.எம்.கிசான்’ பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைலைத் தொடாதீர்கள். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். திருடன் கைக்குப் போகுமுன் பணத்தை முடக்க, முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு. பிறகு வங்கிக்கும் தெரியப்படுத்துங்கள்.

செலவுக்குப் பயமா?

கடலூரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், சிதம்பரத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவும் இருக்கின்றன. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உதவி உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. உதவி எண் 15100.

எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். அடுத்த முறை விதைக்கடையில், ‘பில் போட்டால் விலை கூடும்’ என்று சொன்னாலும், பில் போட்டே வாங்குங்கள்.