வயசு என்ன ஆச்சு?

சித்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூன்று கேள்விகள் கேட்பார். எந்த ஊர், என்ன வேலை, வயசு என்ன ஆச்சு? முதல் இரண்டுக்கும் உடனே பதில் வந்துவிடும். மூன்றாவதற்கு ஒரு சிரிப்பு வரும்; "நீங்களே சொல்லுங்களேன்" என்பார்கள். ஆணின் சம்பளத்தையும் பெண்ணின் வயதையும் கேட்காதே என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் எல்லோரும் கேட்கிறோம். கேட்கப்பட்டவர்தான் கூசுகிறார். இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது, அதனால் என்ன நட்டம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேட்பதில் தப்பில்லை. நம் மொழிக்கு அது தேவை. எதிரில் இருப்பவர் அண்ணனா தம்பியா, 'நீங்க' போடுவதா 'நீ' போடுவதா என்று தெரியாமல் தமிழில் ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாது. தெலுங்கிலும் 'மீரு', 'நுவ்வு' என்று அதே சங்கடம்தான். இரண்டு மொழியும் கலந்து பேசும் நம் ஊரில் வயது என்பது மரியாதைக்கு ஓர் அளவுகோல்.

சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் உரக்கச் சொல்கிறோம். நட்சத்திரம் 27 தான். அதை வைத்து வயதைக் கண்டுபிடிக்க முடியாது. பிறந்த வருஷத்தின் பெயரைச் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம். 'விக்ருதி' என்றால் 1950-51. அறுபது வருஷம் கழித்து 2010-11-ல் அதே பெயர் திரும்பி வந்தது. அதனால்தானோ என்னவோ, நட்சத்திரத்தை ஊருக்கே சொல்பவர்கள் வருஷத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். எழுதி வைக்காத குடும்பங்களில் பஞ்சமும் புயலும்தான் கணக்கு. 1876-ல் தொடங்கிய பெரும்பஞ்சத்தை 'தாது வருஷப் பஞ்சம்' என்றே நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள்.

பழைய இலக்கியத்தையும் சற்றுப் பார்ப்போம். உலா நூல்களில் பெண்களுக்கு ஏழு பருவம்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்களுக்குள் கணக்கில் சிறு வேறுபாடுகள் உண்டு என்றாலும், ஐந்து வயதில் தொடங்கும் இந்த வரிசை நாற்பதோடு முடிந்துவிடுகிறது. நாற்பத்தொன்றுக்குப் பெயரே இல்லை! பெயர் இல்லாத பருவத்தை ஒரு பெண் எப்படிக் கூசாமல் சொல்வாள்? ஔவையார் கதையையும் எண்ணிப் பாருங்கள். கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். இளமையை மறைக்க வேண்டி வந்த கதை அது. புறநானூற்றில் பிசிராந்தையார் வேறு விதம். இத்தனை ஆண்டு ஆகியும் நரை இல்லையே என்று கேட்டவர்களுக்கு, ஆண்டை மறைக்காமல், நல்ல மனைவி, அறிவுள்ள மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அறம் தவறாத அரசன், சான்றோர் வாழும் ஊர் என்று காரணங்களை அடுக்கினார். வயதைச் சொல்லச் சுற்றிலும் இருப்பவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இனிக் காகிதத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயது ஆயிற்று. வாத்தியார் ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. காகிதக் கணக்கில் எனக்கும் என் அக்காவுக்கும் ஐந்தே மாதம்தான் வித்தியாசம்! பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. திருத்தணியில் பிறந்து, 1896 முதல் 1900 வரை திருப்பதி லூதரன் மிஷன் பள்ளியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள் 5-9-1888 என்று நாடே ஆசிரியர் தினம் கொண்டாடுகிறது. ஆனால் உண்மையான தேதி 20-9-1887 என்றே அவர் கருதியதாக அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான சர்வபள்ளி கோபால் தம் நூலில் எழுதியிருக்கிறார்.

இந்த ஒரு வருஷம் சிறு விஷயம் அல்ல. 1983 பிப்ரவரியில் ஆந்திர அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 55 ஆகக் குறைத்தார்கள். ஒரே நாளில் பல ஆயிரம் பேர் வீட்டுக்குப் போனார்கள். பிறகு மீண்டும் 58 ஆயிற்று. 2014-ல் 60, 2022-ல் 62. பள்ளியில் ஒரு வயது குறைத்துப் போட்டவர் பிழைத்தார். சரியாகச் சொன்னவர் முன்னதாகவே வெளியே போனார். குறைத்துச் சொல்வது நம்மிடம் வழக்கமானதற்கு அழகு மட்டும் காரணமல்ல, வயிறும் காரணம்.

அதே காகிதம் பிற்காலத்தில் எதிர்ப்பக்கம் இழுக்கும். திருமலையில் மூத்தோர் தரிசனத்துக்கு 65 நிறைந்திருக்க வேண்டும், அடையாள அட்டையும் வேண்டும். ஆந்திரத்தில் முதியோர் ஓய்வூதியத்துக்கு 60. 2024 ஜூலை முதல் மாதம் 4000 ரூபாய். சின்ன வயசாக இருந்து கிடைத்த லாபம் இங்கே நட்டமாகும். 300 ரூபாய் தரிசனத்தில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்பதால், பதின்மூன்று வயசுப் பையன் அன்றைக்கு மட்டும் பதினொன்றாகி விடுவதும் உண்டு!

என் அத்தை கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பெயர் போடாமல் எழுதச் சம்மதம் கொடுத்தாங்க. அத்தை விக்ருதி வருஷம் ஆடி மாசம், அதாவது 1950-ல் பிறந்தவங்க. மாமா அடுத்த வருஷம், கர வருஷம். கல்யாணப் பேச்சின்போது பெண் மூத்தவள் என்று தெரிந்தால் நின்றுவிடும் என்று பயந்து, அத்தையின் வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அதுவே கணக்கு. 2011-ல் மாமாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. ஒரு வருஷம் முன்னாடியே தனக்கு அறுபது முடிந்துவிட்டது என்று அத்தைக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. அதே ஆண்டு ஆதார் எடுக்க ஆட்கள் தெருவுக்கு வந்தபோது, பக்கத்தில் மாமா நின்றிருந்தார். "அம்பத்தாறு" என்றார்கள் அத்தை. அட்டையில் 1955 ஏறிவிட்டது.

2016-ல் முழங்கால் வலியோடு அவங்களைத் திருமலைக்கு அழைத்துப் போனேன். மாமா வரவில்லை. மூத்தோர் வரிசையில் அட்டையைப் பார்த்தவர், "அம்மா, இன்னும் நாலு வருஷம் இருக்கே" என்று தன்மையாகத்தான் சொன்னார். அவர்மேல் குறையில்லை. நிஜத்தில் அன்றைக்கு அத்தைக்கு 66. பொது வரிசையில் பல மணி நேரம் நின்று, உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாங்க. ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டைப்படி 65 ஆன 2020-ல் கொரோனா வந்தது. கடைசியில் 2022-ல்தான் அந்த வரிசையில் போனாங்க, 72 வயதில். மாமா 2023-ல் தவறிய பிறகு ஒருநாள், "டேய், நான் அவரைவிடப் பெரியவ" என்று சொல்லிச் சிரித்தாங்க, கொஞ்சம் அழுதாங்க. "அவர்கிட்ட சொல்லியிருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. அம்பது வருஷம் சும்மா பயந்துட்டேன்" என்றாங்க.

அட்டையைத் திருத்தலாமே என்பீர்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் மாற்றலாம்; அதற்கும் பிறப்புச் சான்றோ வேறு தக்க ஆவணமோ வேண்டும். வீட்டில் பிறந்து, பள்ளிக்கும் போகாத அத்தையிடம் எதுவும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல்தான் நாடு முழுமைக்கும் ஒன்றாக வந்தது. 1-10-2023 முதல் பிறப்பவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று ஆகியிருக்கிறது. இனிமேல் காதைத் தொட்டுப் பார்க்கும் வேலை இல்லை.

நம் குடும்பங்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, பிறந்த வருஷத்தின் பெயர், மாதம், நட்சத்திரம் மூன்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆங்கில ஆண்டைக் கணக்கிடலாம். இரண்டாவது, கேட்கும்போது நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். அத்தை என்னிடம் சொன்னது அப்படித்தான்.

அத்தைக்கு 2030 ஆடியில் எண்பது நிறையும். சதாபிஷேகம் தம்பதியாகச் செய்வது வழக்கம். அதற்கு இனி வழியில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்து, "எங்க அத்தைக்கு எண்பது" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்வதாக இருக்கிறேன். அத்தையிடம் சொன்னேன். "சரி, சொல்லிக்கோ. இப்ப யாரு கேக்கப் போறாங்க" என்றாங்க.