பாடசாலைக்குப் பாத்திரம் கொடுக்கும் தனவந்தர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஒருகொடவத்தைப் பக்கத்தில் உள்ள ஒரு பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் நான் சில வருடங்கள் இருந்தேன். அக்காலத்தில் ஒரு சகோதரர், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் போசாக்கு உணவுக்காக 200 பிளாஸ்டிக் தட்டுகளையும், மின்சாரத்தில் உணவைச் சூடாக வைத்திருக்கும் ஒரு பெட்டியையும் அன்பளிப்புச் செய்தார். என்ன வாங்கித் தரலாம் என்று அவர் கேட்டபோது அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கையளிக்கும் வைபவம் நடந்தது. புகைப்படம் எடுத்தோம். முகநூலில் போட்டோம்.

ஒரு வருடம் முடிவதற்குள் தட்டுகளில் பாதி வெடித்துவிட்டன. மீதியில் மஞ்சள் கறை ஏறி, கீறல்களுக்குள் எண்ணெய் பிடித்திருந்தது. பெட்டியின் சூட்டுக் கம்பி எரிந்து போனது. அதற்கு உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் மறுபடியும் லன்ச் ஷீட்டில் சாப்பிடத் தொடங்கினார்கள்.

கொடுத்தவரின் நிய்யத்தில் எந்தக் குறையும் இல்லை. பிழை எங்களுடையது. பாத்திரம் வாங்குவதற்கும் அறிவு வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அதன் பிறகு கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இனிப் பட்டியல் எழுதுபவர்களுக்காவது இது உதவட்டும்.

முதலில் லன்ச் ஷீட்டின் கணக்கைப் பாருங்கள். 200 பிள்ளைகள், வருடத்துக்கு ஏறக்குறைய 200 பாடசாலை நாட்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பாடசாலையிலிருந்து வருடத்துக்கு 40,000 தாள்கள் குப்பைக்குப் போகின்றன. அந்தக் குப்பை எங்கே போகும் என்று எங்கள் பகுதி மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், அருகிலுள்ள மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து லன்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் உணவுப் பெட்டிக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபரிலிருந்து ஒரு தடவை பாவித்து வீசும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு என்பனவும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. ஆகவே கழுவிப் பாவிக்கும் தட்டு என்பது இனி விருப்பத்தைப் பொறுத்த விடயமல்ல.

அப்படியானால் எந்தத் தட்டு? மெலமைன் பார்வைக்குப் பீங்கான் போல அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் 70 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான உணவுக்கு அது ஏற்றதல்ல. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அதிலுள்ள இரசாயனம் உணவில் கலக்கக்கூடும். அலுமினியம் பாரம் குறைந்தது, ஆனால் கொறுக்காய் போட்ட மீன் கறி, தக்காளி, தேசிக்காய் போன்ற புளிப்புகள் அதை அரிக்கும். பிள்ளைகள் கையாளும் இடத்தில் சீக்கிரம் நெளிந்தும் போகும். மிஞ்சுவது எவர்சில்வர்தான். விழுந்தால் உடையாது, கறை பிடிக்காது, கொதிநீரில் கழுவலாம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம்.

எவர்சில்வரிலும் தரங்கள் உண்டு. 304 என்ற தரத்தில் ஏறக்குறைய 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும். உப்பையும் புளியையும் நன்றாகத் தாங்கும். 201, 202 என்ற தரங்களில் நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, ஆனால் உப்பு நீர் தங்கினால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைகளில் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், 202 தரத்திலும் காந்தம் பொதுவாக ஒட்டுவதில்லை. கறியும் சோறும் நெடுநேரம் இருக்கும் பெரிய பாத்திரங்களுக்கு 304 என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். சாப்பிட்டதும் கழுவிக் காயவைக்கும் தட்டுகளுக்குக் குறைந்த தரம் போதும். எந்தத் தரமானாலும் குளோரின் கலந்த நீரில் இரவு முழுக்க ஊறவிடக் கூடாது.

வடிவத்தையும் யோசிக்க வேண்டும். அறை பிரித்த தட்டுகளைப் பலர் விரும்புகிறார்கள். அவற்றின் மூலைகளில் சோறு தங்கும், சிறிய கைகளால் கழுவுவதும் கஷ்டம். விளிம்பு மடித்த, கொஞ்சம் குழிவான வெறும் தட்டே நமக்குப் பொருத்தம். அதில் சோறும் கறியும் பிசைந்து சாப்பிடலாம், பயறு அவித்தாலும் போடலாம், கஞ்சியும் ஊற்றலாம்.

தட்டைவிட முக்கியமானது உணவு கொண்டுவரும் பாத்திரம். எங்கள் பாடசாலையில் ஒரு தாய் வீட்டில் அதிகாலை ஐந்து மணிக்குச் சமைத்து முச்சக்கர வண்டியில் கொண்டுவருவார். பிள்ளைகள் சாப்பிடும்போது ஏழரை தாண்டிவிடும். சமைத்த உணவைப் பரிமாறும்வரை 60 பாகைக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எங்கள் உணவு இரண்டரை மணித்தியாலம் வெறும் மூடி போட்ட சட்டியில் இருந்தது. மின்சாரப் பெட்டி பாடசாலையில் இருந்ததே தவிர, உணவு ஆறியது அங்கு வந்து சேர்வதற்கு முன்பே. இரட்டைச் சுவரும் இறுக்கிப் பூட்டும் மூடியும் உள்ள பாத்திரத்தை அந்தத் தாயின் வீட்டுக்கே கொடுத்திருந்தால் மின்சாரமே தேவைப்பட்டிருக்காது. பெரியது ஒன்றைவிட, இருவர் தூக்கக்கூடிய நடுத்தர அளவில் இரண்டு இருப்பது நல்லது.

அடுத்தது கரண்டி. யாரும் கவனிக்காத பொருள் இதுதான். எங்களிடம் மூன்று அளவில் மூன்று கரண்டிகள் இருந்தன. முதலாம் வகுப்புக்குப் பெரிய கரண்டியால் போட்டு, ஐந்தாம் வகுப்பு வரும்போது கறி முடிந்துவிடும். ஒரு நாள் வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளை வெறும் சோற்றோடு திரும்பிப் போனதைப் பார்த்தேன். உணவு குறைவாக வரவில்லை, அளவு இல்லாமல் போட்டோம். சோற்றுக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என ஒரே அளவுக் கரண்டிகள் வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு இத்தனை கரண்டி என்று சுவரில் எழுதிவையுங்கள். இது செலவு குறைந்த பொருள், ஆனால் நீதி இதில்தான் இருக்கிறது.

இவை அனைத்துக்கும் கழுவும் இடம் வேண்டும். சவர்க்காரம் போட ஒரு தொட்டி, அலச ஒன்று, கொதிநீருக்கு ஒன்று, நிமிர்த்தி வைத்துக் காற்றில் காயவிட ஒரு தட்டி. துணியால் துடைத்தால் துணியின் அழுக்கே தட்டில் ஏறும். கையில் உள்ள பணம் 200 தட்டுக்குத்தான் போதுமென்றால், 150 தட்டு வாங்கி மீதியில் தண்ணீர்க் குழாய் போடுங்கள். இரண்டு முறையாகச் சாப்பிடலாம், அழுக்குத் தட்டில் சாப்பிட முடியாது.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. நம் பள்ளிவாசல்களில் இருக்கும் சஹன்களைப் பாருங்கள். அறையில்லாத வட்டத் தட்டு, அடுக்கினால் ஒரு மூலைக்குள் அடங்கும், வலீமாவுக்கும் கந்தூரிக்கும் அதுவே. நோன்புக் கஞ்சி காய்ச்சும் கிடாரம்தான் வெள்ளத்திலும் கைகொடுக்கிறது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது, பள்ளிவாசல்களில் சமைத்த உணவு இன மத பேதமின்றி எல்லோருக்கும் போனது. வெள்ளம் வந்தால் நம் பாடசாலைகள்தான் நலன்புரி நிலையங்களாகின்றன. பாடசாலையில் நல்ல பாத்திரம் இருந்தால் அன்றைக்கும் அதுதான் உதவும்.

கடைசியாக ஒன்று. பாத்திரத்தில் பெயர் வெட்டுவதானால் பாடசாலையின் பெயரையும் ஓர் இலக்கத்தையும் வெட்டுங்கள். அந்த இலக்கம் இருப்புப் பதிவேட்டில் இருக்கட்டும், வருடத்துக்கு ஒரு தடவை எண்ணட்டும். கொடுத்தவரின் பெயர் அல்லாஹ்விடம் பதியப்பட்டிருக்கிறது. ஒரு வருடத்தில் உடையும் தட்டும் ஸதகாதான். ஆனால் 20 வருடம் ஒவ்வொரு காலையும் ஒரு பிள்ளையின் முன் வைக்கப்படும் தட்டு ஸதகதுல் ஜாரியா. அடுத்த முறை ஓர் அதிபர் உங்களிடம் வந்து கேட்டால், புகைப்படத்தில் எது அழகாகத் தெரியும் என்று பார்க்காமல், எது அதிக காலம் உழைக்கும் என்று பார்த்துக் கொடுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் தர்மங்களையும் ஏற்றுக்கொள்வானாக.