மயங்கும் கருத்துக்களும் விஞ்ஞான மீட்டலும்

கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரப் பரீட்சை அணுகுங் காலத்தில் மாணவர் பலர் விஞ்ஞான நூலை முதலேடு தொடங்கிக் கடையேடு வரை மறுபடியும் ஓதுகின்றனர். வரைவிலக்கணங்களை நெட்டுருப் பண்ணுகின்றனர். இவ்வுழைப்பு வீண் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும், அறிந்த இரண்டு கருத்துக்கள் தம்முள் மயங்கும் இடத்திலேயே அவர்கள் பெரிதும் புள்ளிகளை இழக்கின்றனர். திணிவும் நிறையும், வெப்பமும் வெப்பநிலையும், கலவையும் சேர்வையும், ஆவியாதலும் கொதித்தலும் அத்தகைய இணைகள். இவற்றைப் பிரித்தறிதலே மீட்டற் படிப்பின் தலையாய பணி.

ஆய்வுகூட வசதியும் பிரத்தியேக வகுப்புக்களும் நகரத்து மாணவருக்குப் போலத் தீவக மாணவருக்கு எளிதிற் கிட்டுவதில்லை. எனினும், பாலத்தால் இணைக்கப்படாது நாற்புறமுங் கடல் சூழ்ந்த நயினாதீவில், பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் வேண்டிய எடுத்துக்காட்டுக்கள் கண்முன்னே கிடக்கின்றன. அவற்றைத் துணையாகக் கொண்டு மயங்கும் இணைகள் சிலவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் விஞ்ஞானம் எழுதும் முயற்சிக்கு யாழ்ப்பாணம் நெடுங்காலத் தொடர்புடையது. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் வெளியிட்ட ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டில் அச்சேறியது. விஞ்ஞானப் பட்டதாரியாகிய சுவாமி விபுலாநந்தர் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பாடநூற் சொற்கள் வெவ்வேறு வழியில் வளர்ந்தன. இன்று கைத்தொலைபேசி வாயிலாகத் தமிழ்நாட்டுப் பாடங்களைக் கேட்கும் நம் மாணவர் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். அங்கே ‘நிறை’ என்பது நாம் ‘திணிவு’ என்பதைக் குறிக்கும். நாம் ‘நிறை’ என்பதை அவர்கள் ‘எடை’ என்பர். நமது அமுக்கம் அவர்களுக்கு அழுத்தம். நமது ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். நமது மூலகம் அவர்களுக்குத் தனிமம். இருசார் வழக்கும் தமிழே. எனினும் ஒரே விடைத்தாளில் இரண்டையுங் கலந்தெழுதினால் பொருள் பிறழும்.

இனித் திணிவையும் நிறையையும் நோக்குவோம். ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவு திணிவு. அதன் அலகு கிலோகிராம். அப்பொருளைப் புவி தன்பால் இழுக்கும் விசை நிறை. அதன் அலகு நியூற்றன். குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்தில் ஏற்றப்படும் 50 கிலோகிராம் அரிசி மூட்டையைக் கருதுக. புவியீர்ப்பு ஆர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர் எனக் கொண்டால் அதன் நிறை 490 நியூற்றன். அதே மூட்டை சந்திரனில் இருப்பின் திணிவு மாறாது. நிறை மட்டும் ஏறத்தாழ ஆறிலொன்றாகும். “மூட்டையின் நிறை 50 கிலோகிராம்” என்று கடையிற் பேசலாம், விடைத்தாளில் எழுதலாகாது.

அடுத்தது அடர்த்தி. ஓரலகுக் கனவளவிலுள்ள திணிவே அடர்த்தி எனப்படும். நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம். கடல்நீரினது ஏறத்தாழ 1025 கிலோகிராம். “பாரமானது தாழும், பாரமற்றது மிதக்கும்” என்ற எண்ணம் பிழையானது. சிறிய இரும்பாணி தாழ்கின்றது. பெரிய இரும்புக் கப்பல் மிதக்கின்றது. மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நிறையுள்ள நீரை இடம்பெயர்க்கும் என்பதே ஆக்கிமிடிசின் தத்துவத்திலிருந்து நாம் பெறும் விதி. பயணிகளோடு சேர்த்து 8200 கிலோகிராம் திணிவுள்ள ஒரு வள்ளம் நன்னீரில் 8.2 கனமீற்றர் நீரை இடம்பெயர்க்க வேண்டும். கடலிலோ 8 கனமீற்றர் போதும். ஆதலின் ஒரே வள்ளம் கடலிற் சற்று உயர்ந்து மிதக்கும்.

இக்கணிப்பு பரீட்சையோடு முடிவதன்று. நாகபூஷணி அம்மன் ஆலய உற்சவ காலத்தில் அடியார் திரள் திரளாக வள்ளமேறுவர். 60 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் ஏறும்போது வள்ளம் ஏறத்தாழ 58 இலீற்றர் கடல்நீரை மேலதிகமாக இடம்பெயர்க்கும். நீர்மட்டத்தில் 20 சதுரமீற்றர் பரப்புடைய வள்ளமொன்றில் அவ்வாறு நூறுபேர் ஏறினால் அது ஏறத்தாழ 29 சதமமீற்றர் தாழும். நீர்மட்டத்துக்கு மேலுள்ள விளிம்பு அவ்வளவுக்குக் குறையும். அன்றியும், மேற்றளத்திற் பலர் நிற்பின் புவியீர்ப்பு மையம் உயர்ந்து உறுதி குன்றும். கூடுதலாக ஆள் ஏற்றலாகாது என்ற விதியின் காரணம் இந்த எளிய வகுத்தற் கணக்கிலேயே உள்ளது.

வள்ளத்தை விளக்கிய அதே அடர்த்தி கிணற்றையும் விளக்கும். சுண்ணக்கற் பாறையிலமைந்த சிறு தீவுகளில் மழைநீர் நிலத்துட் கசிந்து, அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும். நன்னீருக்கும் கடல்நீருக்கும் அடர்த்தி வேறுபாடு 25. 1000ஐ 25ஆல் வகுக்க 40 வரும். அதாவது, கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு அது நிற்கும் என்பது கொள்கையளவிலான கணிப்பு. இதன் மறுபக்கமே கவனிக்கத்தக்கது. மேல்மட்டம் 10 சதமமீற்றர் தாழுமாறு தொடர்ந்து நீர் இறைத்தால், கீழேயுள்ள உவர்நீர் எல்லை காலப்போக்கில் 4 மீற்றர் வரை உயர இடமுண்டு. நீரிறைக்கும் இயந்திரம் வலிதாயின் கிணறு உவராவது ஏன் என்று வினவுவோருக்கு விடை இதுவே. குடிநீர் அருமையான தீவில் இதனை அறியாதிருத்தல் பெரும் இழப்பாகும்.

வெப்பமும் வெப்பநிலையும் அடுத்த இணை. வெப்பம் சத்தியின் ஒரு வடிவம், யூலில் அளக்கப்படும். வெப்பநிலை ஒரு பொருளின் சூட்டின் மட்டம், வெப்பமானியால் அளக்கப்படும். 200 கிராம் தேநீர் 80 பாகை செல்சியசிலிருந்து 30 பாகைக்கு ஆறும்போது, அதனை நீராகவே கொண்டு கணித்தால், 42,000 யூல் வெப்பத்தை வெளிவிடும். அதே 42,000 யூல் ஒரு வாளியிலுள்ள 10 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரேயொரு பாகையே உயர்த்தும். வெப்பம் சமம், வெப்பநிலை மாற்றம் ஐம்பது மடங்கு வேறு. நீரின் தன்வெப்பக் கொள்ளளவு மணலினதிலும் பன்மடங்கு மிகையாதலால், பகலில் தரை விரைவிற் சூடேறக் கடல் மெல்லச் சூடேறுகின்றது. தரைமேலுள்ள வளி விரிந்து மேலெழக் கடற்காற்றுக் கரை நோக்கி வீசுகின்றது. இரவில் இது தலைகீழாகித் தரைக்காற்றாகும்.

இனி இரசாயனத்துக்கு வருவோம். மூலகம், சேர்வை, கலவை என்னும் மூன்றையும் ஒரு குவளைக் கடல்நீர் கற்பிக்கும். கடல்நீர் கலவை, அதன் கூறுகளைப் பௌதிக முறைகளாற் பிரிக்கலாம். அதிலுள்ள உப்பாகிய சோடியங் குளோரைட்டு சேர்வை. இரசாயன முறையாலன்றிப் பிரியாது. அதனை ஆக்கிய சோடியமும் குளோரீனும் மூலகங்கள். சோடியம் நீரோடு உக்கிரமாகத் தாக்கமுறும் உலோகம், குளோரீன் நச்சுவாயு. இரண்டுங் கூடிய சேர்வையை நாம் நாள்தோறும் உண்கின்றோம். சேர்வையின் இயல்பு அதன் மூலகங்களின் இயல்பினின்றும் வேறுபடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுட் சோடியங் குளோரைட்டு 27 கிராம் அளவினது. ஆனையிறவு போன்ற உப்பளங்களிற் கடல்நீர் பாத்திகளிலே தேக்கப்பட்டு வெயிலிலும் காற்றிலும் ஆவியாகின்றது. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் மட்டும் நிகழும்; கொதித்தல் கொதிநிலையில் திரவம் முழுவதிலும் நிகழும். உப்பளத்தில் நீர் கொதிப்பதில்லை. நீர் குறையக் குறைய முதலிற் கல்சியங் காபனேற்றும், பின்னர்க் கல்சியஞ் சல்பேற்றும், அதன்பின் சோடியங் குளோரைட்டும் படியும். எஞ்சிய கைப்பான திரவத்தில் மகனீசிய உப்புக்கள் மிகுந்திருக்கும். கரைதிறன் வேறுபாட்டால் நிகழும் இவ்வொழுங்கைப் பொருளறிந்து கற்றவன் மறக்கமாட்டான்.

துருப்பிடித்தல் இரசாயன மாற்றத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. இதற்கு ஒட்சிசனும் நீரும் இன்றியமையாதன. இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்று போத்தல்களில் ஒவ்வோர் இரும்பாணி இடுக. முதலாவதிற் கிணற்று நீரும், இரண்டாவதிற் கடல்நீரும், மூன்றாவதிற் கொதிக்கவைத்து ஆறிய நீரும் ஆணி மூழ்குமாறு ஊற்றி, மூன்றாவதின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் பரப்பி மூடுக. சில நாள்களில் முதலிரண்டிலும் துருவைக் காணலாம். மூன்றாவதில் ஒட்சிசன் இன்மையால் ஆணி பெரிதும் மாறாதிருக்கும். உப்பு துரு உண்டாவதற்கு இன்றியமையாதது அன்று. மின் கடத்துந் தன்மையால் அதனை விரைவுபடுத்துவது. ‘இன்றியமையாதது’, ‘விரைவுபடுத்துவது’ என்னும் இவ்வேறுபாட்டை வினாத்தாள் கேட்கக்கூடும். இரும்பைவிட நாகம் தாக்குதிறன் கூடியது. ஆதலால் நாகம் பூசிய தகடு கீறுபட்டாலும் நாகம் தானரிந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயம் பூசியது கீறுபட்டாலோ இரும்பே விரைந்து அரியும்.

மீட்டலுக்குரிய முறையையுங் கூறி முடிப்போம். மாணவர் ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு கருத்துக்கும் ஐந்து குறிப்புக்கள் எழுதுக: அது யாது; அதன் அலகு யாது; எக்கருவியால் அல்லது எச்சோதனையால் அறியப்படும்; எதனோடு மயங்கும்; நம்மூரில் அதற்கு எடுத்துக்காட்டு எது. நான்காவது குறிப்பை எழுத இயலாதவிடத்து அக்கருத்து இன்னுந் தெளியவில்லை என்று கொள்க. பின்னர்க் கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, வினாவின் ஏவற்சொல்லை முதலில் நோக்குக. ‘குறிப்பிடுக’ எனின் ஒரு சொல்லோ தொடரோ போதும். ‘விளக்குக’ எனின் காரணமும் காரியமும் தொடர்பட வேண்டும். ‘வேறுபடுத்துக’ எனின் இருபொருளையும் ஒரே அடிப்படையில் ஒப்பிட வேண்டும். ‘கணிக்க’ எனின் சூத்திரம், பிரதியீடு, விடை, அலகு நான்கும் நிற்றல் வேண்டும்.

இவ்வாறு பயின்ற மாணவன் பெறும் பேறு சித்தியோடு நில்லாது. வள்ளத்தில் எத்தனைபேர் ஏறலாம், கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம் என்பன நாளை அவன் ஊரவரோடு கூடித் தீர்மானிக்க வேண்டிய வினாக்கள். அவற்றுக்கு விடை எழுதும் தாளில் புள்ளிக்கு மாற்றாக உயிரும் நீரும் நிற்கும்.