சிவப்புக் குஞ்சுகள் தெரிந்தால் தூண்டிலை எடுத்துவிடு

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு என் அறைக் கதவு மெதுவாகத் தட்டப்படும். "பாப்பா, வர்றியா?" அவ்வளவுதான் அப்பா கேட்பார். இரண்டாவது முறை கேட்க மாட்டார். நான் எழுந்து போனால் மேசையில் சூடாக மைலோ இருக்கும். எழாவிட்டால் சிறிது நேரத்தில் அவருடைய மோட்டார் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும்.

அப்பா லோரி ஓட்டுநர். வாரம் முழுவதும் நெடுஞ்சாலை, சனிக்கிழமை மட்டும் தூண்டில். நாங்கள் வசிக்கும் பத்துகாஜாவைச் சுற்றி மீன் பிடிக்கும் இடத்திற்குப் பஞ்சமில்லை. கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்துக்கே ஈயம் கொடுத்த மண். ஈயத்தை எடுத்த பள்ளங்களில் நீர் நிறைந்தது. 1985இல் ஈய விலை சரிந்த பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, குட்டைகள் மட்டும் மிஞ்சின.

தஞ்சோங் துவாலாங்கில் இன்று சுற்றுப்பயணிகள் பார்த்துவிட்டுப் போகும் டி.டி.5 என்ற ஈயம் தோண்டும் கப்பல் 1938இல் கட்டப்பட்டு, 1982 வரை வேலை செய்தது. என் தாத்தாவும் அதைப் போன்ற ஒரு கப்பலில் வேலை செய்தவர்தான். "தாத்தா குழி தோண்டினாரு, நான் அதுல மீன் பிடிக்கிறேன்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அப்பா ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவர். ஆனால் குட்டைக்கரையில் அவர் எனக்கு ஆசிரியர். நாரை அசையாமல் நிற்கும் இடத்தில் நீர் ஆழமில்லை, அங்கே பொடிமீன்கள் உண்டு என்பார். பொடிமீன்கள் இருக்கும் இடத்துக்குப் பெரிய மீன் வரும் என்பார். தங்கூசி நரம்பில் முடிச்சுப் போடும்போது, அதை எச்சிலால் நனைத்த பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உராய்ந்து சூடாகி வலு குறைந்துவிடும். இதை நான் இயற்பியல் பாடத்தில் படிப்பதற்கு முன்பே அவரிடம் கற்றுக்கொண்டேன்.

அவர் கண்டிப்பாக இருந்தது ஒரே விஷயத்தில்தான். ஈயக்குட்டையில் காலை நனைக்கவும் விடமாட்டார். ஆற்றங்கரை போல் சிறிது சிறிதாக ஆழம் கூடும் என்று நினைக்கக் கூடாது. பல குட்டைகளில் இரண்டு அடி தள்ளினாலே ஆளை மூழ்கடிக்கும் ஆழம். கரையில் இருப்பதும் சுரங்கத்திலிருந்து கொட்டிய மணல், மிதித்தால் சரியும். நண்பர்களோடு இந்தக் குட்டைகளில் குளிக்கத் திட்டமிடும் மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அப்பாவின் இந்த ஒரு சொல்லையாவது கேளுங்கள்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஒருநாள், நீரின் மேல் ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்தேன். கைக்குட்டை அளவுதான் இருக்கும். மழைத்துளி விழுவதுபோல் சிறு சிறு குமிழிகள் எழுந்தன. அப்பா ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். நான் ரப்பர் தவளையை அந்தத் திட்டின் நடுவே வீசினேன். மறுநொடி நீர் வெடித்தது. என் கோல் வளைந்து, கையை இழுத்தது. அப்பா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கரைக்கு வந்தது ஒரு தோமான் மீன், இரண்டு கிலோவுக்குக் குறையாது.

நான் குதித்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் கொக்கியைக் கழற்றி, அதே இடத்தில் மீனை விட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் வாழ்க்கையில் பிடித்த முதல் பெரிய மீன் அது.

"அந்தச் சிவப்பெல்லாம் அதோட குஞ்சுங்க, பாப்பா" என்றார் அப்பா. தோமான், விரால் வகை மீன்கள் காற்றைச் சுவாசிக்கக்கூடியவை. குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். தாயும் தகப்பனும் அடியில் காவல் காக்கும். குஞ்சுகளின் மேல் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் அல்ல, காப்பாற்றுவதற்காக. அதனால்தான் அப்போது அதைப் பிடிப்பது மிகச் சுலபம். பெரிய மீன்களைப் பிடித்துவிட்டால், மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். "சிவப்புக் குஞ்சு தெரிஞ்சா தூண்டில எடுத்துடு. பிள்ளைக்காகக் கடிக்கிற மீனைப் பிடிக்கிறது ஒரு திறமையா?" என்றார்.

அதற்காக அவர் மீனே கொல்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, காயம் ஆற விரால் நல்லது என்று இரண்டு வாரம் விடாமல் பிடித்து வந்து, மிளகு போட்டுச் சூப் வைத்துக் கொடுத்தார். தேவைக்கு எடுப்பார். மற்றதை விட்டுவிடுவார்.

படிவம் 4க்கு வந்த பிறகு நான் போவதை நிறுத்திவிட்டேன். டியூஷன், கைப்பேசி, தூக்கம். "எஸ்.பி.எம். முடியட்டும்பா" என்றேன். முடிந்தது. ஆறாம் படிவத்தில், "எஸ்.டி.பி.எம். முடியட்டும்பா" என்றேன். அந்தத் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது மாரடைப்பால் அப்பா போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களில், அப்பாவோடு மீன் பிடிக்கும் மலாய்க்கார பாக்சிக் ஒருவரும் இருந்தார். என்னைப் பார்த்ததும், "நீதான் அந்தக் குட்டைத் தூண்டிலின் சொந்தக்காரியா?" என்று மலாயில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. நான் போகாத அத்தனை சனிக்கிழமைகளிலும் என் தூண்டில் கோலையும் அப்பா மோட்டாரில் கட்டி எடுத்துப் போயிருக்கிறார். யாராவது கேட்டால், "மகளுக்குப் பரீட்சை. முடிஞ்சதும் வருவா" என்பாராம். அதை வேறு யாரையும் தொடவிட்டதில்லையாம்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு உயிரியல் படிக்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போனால், படிவம் 2 படிக்கும் தம்பியின் கதவைக் காலை ஐந்தரைக்குத் தட்டுகிறேன். போன மாதம் அவன் சிவப்புத் திட்டைப் பார்த்துவிட்டுக் கோலை ஓங்கினான். நான் காரணத்தைச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் கோலைக் கீழே வைத்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது "வர்றியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். மீன் பிடிக்கவோ, காய்கறித் தோட்டத்துக்கோ, காலை நடைக்கோ கூப்பிடலாம். ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். இரண்டு மணி நேரத்தால் எந்தத் தேர்வும் கெட்டுவிடாது. நான் போகாத சனிக்கிழமைகளில் என்ன படித்தேன் என்பது இன்று எனக்கு நினைவில்லை.