விட்டு விட்டு நிற்கும் மின்சார சைக்கிள்

கொச்சியின் பழைய வாணிகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியில், மிளகும் ஏலமும் சுக்கும் அடுக்கப்பெற்ற கிடங்குகளுக்கு இடையே செல்லும் தெருக்கள் குறுகலானவை. பெரிய வண்டிகள் நுழைய இயலாத சந்துகளிலும் சைக்கிள் எளிதிற் சென்றுவிடும். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்நகரின் காயலில் மின்சாரப் படகுகள் ஓடத் தொடங்கின. அதே மின்சாரம் இன்று சைக்கிளின் சக்கரத்தையும் சுழற்றுகின்றது. சிறு சுமையுடன் நாள்தோறும் பல மைல் செல்ல வேண்டியவருக்கு மின்சார சைக்கிள் நல்லதொரு துணை.

ஆனால் இவ்வண்டிக்கு ஏற்படும் கோளாறு ஒன்று உரிமையாளரைப் பெரிதும் அலைக்கழிப்பது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் திடீரென்று நின்றுவிடும். சிறிது நேரத்தில் ஒன்றும் நேராதது போல் மீண்டும் ஓடும். வில்லிங்டன் தீவை நோக்கிச் செல்லும் பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் பேருந்து வரும் வேளையில் இவ்வாறு நிற்குமாயின் அது அபாயமே ஆகும். பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றாலோ, அங்கே வண்டி குறையின்றி ஓடும். காரணம் விளங்காமையால், பலரும் பாட்டரியையே குறை கூறி அதனை மாற்றிவிடுகின்றனர். வண்டியின் உறுப்புகளில் பெரும்பாலும் விலை மிக்கது அதுவே. பணம் செலவான பின்னரும் கோளாறு நீங்காதிருப்பது உண்டு.

வண்டியின் அமைப்பு

சக்கரத்தின் குடத்திலேயே மோட்டாரை அமைக்கும் முறை புதியதன்று. அமெரிக்கரான ஆக்டன் போல்டன் என்பவர் 1895-ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய வண்டியில் பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ‘கன்ட்ரோலர்’ எனப்படும் கட்டுப்பாட்டுக் கருவியை அடைந்து, அங்கிருந்து மூன்று தடித்த கம்பிகளின் வழியே மோட்டாருக்குச் செல்கின்றது. மோட்டாரின் காந்தங்கள் எந்த நிலையில் உள்ளன என்பதை மூன்று சிறிய உணர்கருவிகள் கன்ட்ரோலருக்கு அறிவிக்கின்றன. 1879-இல் எட்வின் ஹால் என்னும் அறிஞர் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இவை இயங்குகின்றன. பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்துவதற்கென பிரேக் கைப்பிடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பாட்டரிக்குள்ளும் அதனைக் காக்கும் மின்சுற்று ஒன்று உண்டு. இவற்றுள் எது ஒன்று இடையில் தவறினாலும் மோட்டார் நின்றுவிடும். இவையனைத்தையும் இணைப்பன கம்பிகளும் அவற்றின் பிளக்குகளுமே ஆதலின், முதற்கண் ஐயுற வேண்டியவை அவையே.

மறைந்து கொள்ளும் குறை

கோளாறு சோதனையின்போது ஏன் மறைகின்றது என்பதை ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட விதியைக் கொண்டே விளக்கலாம். ஓர் இணைப்பில் இழக்கப்படும் மின்னழுத்தம், அதிலுள்ள தடையையும் அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கிடைப்பதாகும்.

36 வோல்ட் பாட்டரியில் பத்து மின்கலத் தொகுதிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். முழுதும் மின்னேற்றியவுடன் அது 42 வோல்ட் காட்டும். பாதி பயன்பட்ட நிலையில், ஏற்றம் ஏறுகையில் அது 35 வோல்ட் தருவதாகக் கொள்வோர், பிளக் ஒன்று துருவேறி 0.3 ஓம் தடை பெற்றிருப்பதாகவும் கொள்க. சமதரையில் 3 ஆம்பியர் மட்டுமே செல்லுமாயின் இழப்பு 0.9 வோல்ட், வண்டி தடையின்றி ஓடும். பாலத்தின் ஏற்றத்தில் 15 ஆம்பியர் தேவைப்படும்போது இழப்பு 4.5 வோல்ட் ஆகின்றது. கன்ட்ரோலரை அடைவது 30.5 வோல்ட் மட்டுமே. 31 வோல்ட்டுக்குக் கீழ் நிறுத்திவிடுமாறு அமைந்த கன்ட்ரோலர், பாட்டரி தீர்ந்துவிட்டதெனக் கருதி மோட்டாரை நிறுத்திவிடும். நின்றவுடன் மின்னோட்டம் இல்லை. ஆகவே இழப்பும் இல்லை. அப்போது மல்டிமீட்டரால் அளந்தால் யாவும் செம்மையாகவே தோன்றும்.

அதே ஏற்றத்தில் அப்பிளக்கில் 67.5 வாட் ஆற்றல் வெப்பமாக மாறுகின்றது. சிறியதோர் உலோக ஊசியை நிறம் மாறச் செய்யவும், அதன் பிளாஸ்டிக் உறையை உருக்கவும் இது போதுமானது. ஆகவே, ஏற்றம் ஏறி முடித்ததும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு பிளக்கின் உறையையும் எச்சரிக்கையுடன் தொட்டுப் பார்ப்பது எளிய சோதனை. மற்றவற்றினும் சூடாக உள்ளதே குற்றவாளி.

உப்பும் ஈரமும்

மட்டாஞ்சேரி போன்ற கடற்கரை ஊர்களில் இக்குறை மிகுவதற்குக் காற்றும் காரணமாகும். கடற்காற்று கொண்டுவரும் நுண்ணிய உப்புத் துகள்கள் செப்பு ஊசிகளின்மீது படிகின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்தால் சாதாரண உப்பு தானே நீரை ஈர்த்துக் கசிந்துவிடும். ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இவ்வெல்லை அடிக்கடி கடக்கப்படுகின்றது. அப்போது மழை படாத வண்டியிலும் ஊசிகளின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் தங்கி, செம்பைப் பச்சை நிறமாக அரித்துத் தடையைப் பெருக்கும்.

குறியைக் கொண்டு காரணம் அறிதல்

எப்போது நிற்கின்றது, எவ்வாறு மீள்கின்றது என்னும் இரண்டையும் சில நாட்கள் குறித்து வைத்தல் நன்று. ஏற்றத்தில் நின்று, சமதரையில் தானே மீண்டால் தடை மிகுந்த இணைப்போ, வலுவிழந்த மின்கலமோ காரணமாகலாம். பள்ளத்தில் குலுங்கும்போது நின்று உடனே மீண்டால் பிளக் தளர்ந்திருக்கலாம். கைப்பிடியைத் திருப்பும்போது நின்றால், அங்கே வளையும் கம்பி உள்ளே அறுந்திருக்கக்கூடும். பாட்டரியை அணைத்து மீண்டும் இயக்கினால்தான் ஓடுமாயின், அதன் காப்புச் சுற்று தடுத்திருத்தல் கூடும். பல நிமிடம் ஆறிய பின்னரே ஓடுவது வெப்பத்தைக் காட்டும்.

மழையில் மட்டும் நிற்குமாயின் பிரேக் சுவிட்சை ஐயுற வேண்டும். நீர் புகுந்த சுவிட்ச், பிரேக் பிடிக்காதபோதும் பிடித்ததாக அறிவிக்கும். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, அச்சுவிட்சின் பிளக்கைக் கழற்றி ஓட்டிப் பார்த்தால் இது தெளிவாகும். பார்த்தபின் மீண்டும் பொருத்திவிடல் வேண்டும்; அதனை நீக்கிவிட்டுச் சாலையில் செல்வது ஆபத்து.

நிற்குமுன் மோட்டார் நடுங்கித் திணறுமாயின் காந்த உணர்கருவிகளைச் சோதித்தல் வேண்டும். மின்சாரத்தைச் செலுத்திச் சக்கரத்தைக் கையால் மெல்லப் பின்புறமாகச் சுழற்றினால், ஒவ்வோர் உணர்கம்பியிலும் மின்னழுத்தம் சுழிக்கு அருகிலும் 5 வோல்ட்டுக்கு அருகிலுமாக மாறி மாறி வருதல் வேண்டும். மாறாது நிற்பதே பழுதுற்றது.

திருத்தமும் காப்பும்

எந்த வேலைக்கும் முன்னர்ப் பாட்டரியைக் கழற்றிவிடல் வேண்டும். பச்சை படிந்த பிளக்கைச் சுரண்டுவதைவிடப் புதியதாக மாற்றுவதே சிறந்தது. அதன் விலை மிகக் குறைவு. புதிய இணைப்பில் மின்காப்புக் கிரீஸ் சிறிது தடவினால் உப்பும் ஈரமும் அணுகா. மோட்டாருக்குள் செல்லும் கம்பி அச்சுக்குச் சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு அமைத்தால், மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். விசையுடன் பீய்ச்சும் நீரால் வண்டியைக் கழுவலாகாது.

பாட்டரியைத் தாமே திறத்தல் ஒருபோதும் கூடாது. லித்தியம் மின்கலங்கள் தவறிக் குறுக்கே இணைந்தால் தீப்பற்றும். உப்பியதும், நீரில் மூழ்கியதும், அளவுக்கு மீறிச் சூடாவதுமான பாட்டரியை மின்னேற்றாமல், பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

உழைத்து ஈட்டிய பொருளைப் புதிய பாட்டரியில் இடுமுன், பிளக்குகளைத் தொட்டுப் பார்க்கச் செலவாவது கால்மணி நேரமே. ஓடும் நிலையில் தோன்றும் குறையை ஓடும் நிலையிலேயே தேடுவோருக்கு, அதன் இருப்பிடம் பெரும்பாலும் சிறியதோர் ஊசிமுனையாகவே தென்படும்.