உடையாரும் ஓம்புவாரும்

தன் வீட்டு விலங்கைப் பேணுதல் எவர்க்கும் இயல்பு. அதனால் வரும் பயனோ, அதன்மேற் கொண்ட பற்றோ ஒருவரை அச்செயலிற் செலுத்தும். தமக்கு உரிமையில்லாத உயிரொன்றைப் பேணுதல் அத்துணை எளிதன்று. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைத் தமிழ்ப் புலவர் போற்றியமைக்கு அதுவே காரணம் எனலாம். எனினும், பேகன் ஈந்தது ஒருநாட் கொடை. எவர்க்கும் உரியவல்லாத பூனைகளுக்கு நாள்தோறும் உணவிட்டு, நோய் கண்டவிடத்து மருந்தும் ஊட்டுவோர் உலகின் பல நகரங்களில் உளர். அவருள் இத்தாலி நாட்டு உரோமை நகரத்தார் தனித்து ஆராயத்தக்கவர். அவர்தம் பணி சட்டத்தின் ஏற்பையும் பெற்றுள்ளது.

உரோமையில் இப்பணியைப் பெரும்பாலும் பெண்களே செய்துவந்தனர். பூனையைக் குறிக்கும் ‘கத்தோ’ என்னும் இத்தாலியச் சொல்லினின்றும் பிறந்த ‘கத்தாரா’ என்பது அவர்களுக்கு ஊரார் இட்ட பெயர். அவர்கள் பணிசெய்யும் இடங்களுட் பெயர்பெற்றது நகரின் நடுவேயுள்ள தொரே ஆர்ஜெந்தீனா என்னும் சதுக்கமாகும். அகழ்ந்து வெளிப்படுத்தப்பெற்று 1929 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட அவ்விடத்தில் நான்கு பழங்கோயில்களின் சிதைவுகள் உள்ளன. கி. மு. 44 இல் யூலியசு சீசர் கொலையுண்ட மண்டபத்தின் ஒரு பகுதியும் அங்கேயே உள்ளது. தெருமட்டத்தினும் தாழ்ந்து, ஊர்திகள் புகாதிருந்த அந்நிலம் பூனைகளுக்கு உறைவிடமாயிற்று. 1973 இல் மறைந்த புகழ்பெற்ற நடிகை அன்னா மன்யானியும் அங்குப் பூனைகளுக்கு உணவிட்டவர் என்பர்.

ஆயினும், உணவிடுதல் ஒன்றே அறமாகி விடுமா? பூனை ஏறக்குறைய ஒன்பது வாரமே சூல் சுமக்கும். ஓராண்டில் இரண்டு மூன்று முறை ஈனவும் கூடும். பெண்குட்டி ஆறு மாதம் நிரம்புமுன்னரே பருவமெய்துதலும் உண்டு. ஆகவே, உணவு மட்டும் இடின், பசி தணிவதற்கு மாறாகப் பசிக்கும் வயிறுகளே பெருகும். இதனை உணர்ந்தோர், பூனைகளைப் பிடித்து, மிருக வைத்தியரைக் கொண்டு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்து, பிடித்த இடத்திலேயே மீளவிடும் முறையை மேற்கொண்டனர். சிகிச்சை பெற்ற பூனையின் செவிநுனி சிறிது கத்தரிக்கப்படும். அப்பூனையை மீண்டும் பிடித்து வருத்தாமைக்கு அவ்வடையாளம் உதவும்.

1991 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற 281 ஆம் இலக்கச் சட்டம் இம்முறையை இத்தாலி முழுமைக்கும் உரியதாக்கியது. கட்டின்றி வாழும் பூனைகளைத் துன்புறுத்தல் எவர்க்கும் தடுக்கப்பட்டது. அவற்றிற்குச் சுகாதாரப் பகுதியினர் கருத்தடை செய்து, அவை வாழ்ந்த கூட்டத்திலேயே மீளச் சேர்த்தல் வேண்டும். கடுநோயுற்றவற்றையும் தீராநோயுற்றவற்றையுமன்றிப் பிறவற்றைக் கொல்லுதல் ஆகாது. விலங்குக் காப்புச் சங்கங்கள் சுகாதாரப் பகுதியினருடன் இணங்கிப் பூனைக்கூட்டங்களைப் பொறுப்பேற்கவும் சட்டம் வழிசெய்தது. இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சட்டம் அச்சங்கங்களுக்கு அளித்தது உடைமையன்று, பொறுப்பு மட்டுமே. 2001 இல் உரோமை நகரசபை, பழஞ்சின்னங்களிடையே வாழும் பூனைகளை நகரின் மரபுச் செல்வத்தில் ஒரு பகுதியென அறிவித்தது.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. பழஞ்சின்னங்களின் நடுவே பூனைக் காப்பகம் இருத்தல் தகாதெனத் தொல்பொருட் பகுதியினர் 2012 இல் அதனை அகற்ற முற்பட்டனர். தொன்மையைக் காப்பது அவர் கடமையாதலின் அவர் கூற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மக்களின் எதிர்ப்பினாற் காப்பகம் நிலைத்தது. 2023 இல் நடைபாதை அமைத்து அவ்விடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பின்னரும் பூனைகள் அங்கேயே வாழ்கின்றன.

இவற்றினும் பெரிய இடர் பிறிதொன்று. உரோமையின் 103 பூனைக்கூட்டங்களை ஆராய்ந்து 2006 இல் வெளியான ஆய்வொன்று, கருத்தடையாற் பல கூட்டங்கள் சுருங்கியமையைக் காட்டியது. ஆயினும், நூற்றுக்கு 21 என்னும் அளவிற் புதிய பூனைகள் வந்து சேர்ந்தமையையும் அது கண்டது. அவற்றுட் பல வீடுகளில் வளர்ந்து கைவிடப்பட்டவை. வீட்டுப் பூனைகளின் பெருக்கத்தை அவற்றை வளர்ப்போர் கட்டுப்படுத்தாவிடின், இம்முயற்சிக்குச் செலவிடும் பொருளும் காலமும் வீணாகும் என்பதே ஆய்வாளர் கண்ட முடிபு.

கைவிடுவோர் பலர் இரக்கமற்றவரல்லர். அங்கு விட்டால் யாரேனும் உணவிடுவர் என்னும் நம்பிக்கையோடே விடுகின்றனர். ஓம்புவாரின் அருளே உடையாரின் கடமை தவறுதற்குச் சாக்காகி விடுகின்றது. இடிபாடுகளிடையே தட்டேந்திச் செல்லும் பெண்ணைப் புகழ்தல் எளிது. அவள் பணிக்குச் செய்யத்தக்க உண்மையான துணையோ, தத்தம் வீட்டுப் பூனைக்கும் அது ஈனும் குட்டிகளுக்கும் உடையார் தாமே பொறுப்பேற்றலாகும். அப்பொறுப்பை அவர் ஏற்காதவரை, அவள் கையிலுள்ள தட்டு நிரம்பப் போவதில்லை.